சக்குச் சாவி

அன்றைக்குக் காலையில் நான் மூட்டையோடு போய் இறங்கியபோது, இஸ்திரிக்காரி ஒரு விரிப்பை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைச் சுருக்கி, மூலைக்கு மூலை பார்த்தாள். மேசை மேல் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நின்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, மாப்பிள்ளை பாக்கற மாதிரி பாக்கறே?"

"தம்பிக்குத்தான் அக்கா. திங்கக்கிழமை அவன் படுக்கப்போறது ஓட்டை விரிப்பா இருக்கக்கூடாது. இந்த ஒண்ணைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். நீங்களே கையோட கொண்டுபோய் அவன் கட்டில்ல விரிச்சுடணும்."

"ஆஸ்பத்திரியில எவன் கட்டில்ல எது விழும்னு யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும். எடுத்துக் குடுக்கறதே நீங்கதானே."

நான் ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் வேலை பார்ப்பவள். துவைத்துக் காய்ந்த விரிப்புகளை அவளிடம் போட்டுவிட்டு, மடித்து அடுக்கியதை வாங்கிப் போவது என் பாடு. அதனால் எனக்குத் துணியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வீட்டு வாசல் அறையில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்காமல் நான் கிளம்பியதில்லை. வாய் சும்மா இருக்காத எனக்கு, கை சும்மா இருக்காத ஒருத்தி எதிரே இருந்தால் போதும்.

அவளுடைய தம்பி லாரி டிரைவர். நிறுத்தியிருந்த லாரியின் பின்கதவைத் திறக்கப்போனபோது சரக்கு சரிந்து காலில் விழுந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதை மறுபடி உடைத்து நேராக்கலாம், ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும், அப்புறம் எந்த டாக்டராலும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நேற்றுத்தான் தேதி கிடைத்தது, திங்கட்கிழமை. கால் ஒடிந்ததற்காக லாரி முதலாளி கொடுத்த பணம்தான் ஆபரேஷனுக்கு. அது உள்ளறையில் இருந்தது. பெட்டியில் இல்லை, அலமாரியில் இல்லை, லேத்துக்காரரின் கம்ப்யூட்டரில்.

லேத்துக்காரர் இவள் புருஷன். பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டியவர். இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனபிறகு உள்ளறையில் உட்கார்ந்து காப்பர் வாங்கி விற்கிறார். காப்பர் என்றால் கண்ணால் பார்க்கிற செம்பு இல்லை. அடுத்த மாதம் வரப்போகும் செம்பின் விலையை இன்றைக்கே வாங்குவது, சாயங்காலமே விற்றுவிடுவது. கேட்ட நாளிலிருந்து எனக்கு அது சூதாட்டமாகத்தான் பட்டது. ஆனால் குடித்துவிட்டுச் சீட்டாடுகிற ஆளைத் திட்டுகிற மாதிரி இவரைத் திட்ட முடியாது. இவர் மனுஷனே வேறு. தெருவில் இவருக்கு மில்லிமீட்டர் என்று பேர். டீக்குச் சர்க்கரை போட்டால்கூட ஸ்பூனின் தலையைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் போடுவார். மைத்துனன் பணத்தை இவர் கேட்டு வாங்கவும் இல்லை. "பேங்க்ல தூங்கறதுக்குப் பதிலா மாமாகிட்ட இருக்கட்டும்" என்று அவனேதான் கொண்டுவந்து வைத்தான். வைத்த பணம் ஒரு வருஷமாக மெல்ல, மிக மெல்ல, வளர்ந்துதான் இருந்தது.

"உள்ள வாங்கக்கா, காத்து இங்க கொஞ்சம் இருக்கு" என்று கூப்பிட்டார்.

காற்று எங்கேயும் இல்லை. மழை வருகிற மாதிரி வானம் இறங்கி, வராமலே மூன்று நாளாக ஊரை வேகவைத்துக்கொண்டிருந்தது. உள்ளறையில் ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு திரை. திரையில் பச்சையும் சிவப்புமாகக் குட்டிக் குச்சிகள். அவற்றின் நடுவே இரண்டு கோடுகள் பாம்பு போல ஓடின.

"இது வேகமான ஆவரேஜ். இது நிதானமான ஆவரேஜ். வேகமானது நிதானமானதைக் கீழேயிருந்து மேல வெட்டணும். அதே நேரத்துல அடியில, விலையோட பலத்தைக் காட்டற இந்த ஆர்.எஸ்.ஐ. பாதியைத் தாண்டணும். ரெண்டும் சேர்ந்து சொன்னாதான் வாங்குவேன். ஒண்ணு சொல்லி ஒண்ணு சொல்லலேன்னா சும்மா இருப்பேன்."

"ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா?"

"சொல்லும்" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். "பத்துக்கு நாலு தடவை பொய்தான் சொல்லும். அதுக்குத்தான் ஸ்டாப் லாஸ். வாங்கின உடனே, கீழே ஒரு விலையில விக்கறதுக்கு ஒரு ஆர்டர் போட்டு வெச்சுடுவேன். விலை அங்க இறங்கினா தானா வித்துடும். நஷ்டம் அதோட நின்னுடும்."

"சரி. விலை ஏறிடுச்சு, நீங்களே லாபத்துல வித்துட்டீங்க. கீழே போட்டு வெச்சது என்ன ஆகும்?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாணவி தேறிவிட்டாள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"அது அங்கேயே கெடக்கும். நாமதான் எடுக்கணும். எடுக்காம விட்டோம்னு வெச்சுக்குங்க, நம்மகிட்ட சரக்கே இருக்காது, ஆனா விலை அங்க வந்த உடனே அது பாட்டுக்கு வித்துடும். இல்லாத சரக்கை வித்த மாதிரி. அப்புறம் விலை ஏற ஏற அடி நமக்கு. தடுக்கறதுக்குக் கீழேயும் ஒண்ணும் இல்லை, மேலேயும் ஒண்ணும் இல்லை." இடது கையைத் தூக்கிக் காட்டினார். மடங்காத இரண்டு விரல்களும் விறைத்து நின்றன. "இது எப்படி ஆச்சு தெரியுமா? லேத்துல சாமானைப் பிடிக்கறதுக்கு ஒரு சக்கு இருக்கும். அதை முறுக்க ஒரு சாவி. முறுக்கின கையோட சாவியை வெளியே எடுத்துடணும். பக்கத்து மெஷின்காரன் ஏதோ நெனப்புல மறந்துட்டு சுவிட்சைப் போட்டுட்டான். சாவி பிச்சுக்கிட்டு வந்துச்சு. விட்டவன் மேல படாதுக்கா அது. பக்கத்துல நிக்கறவன் மேலதான் படும்."

அதனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாங்குவது அவர், விற்பது அவள். வாங்கினவனுக்கு அதன்மேல் ஆசை வந்துவிடுமாம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை இழுக்குமாம். அவர் குரல் கொடுத்ததும் இவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய் விற்பாள். விற்றதும் அவர் கேட்பார், "சாவி?" அவள் கீழே கிடக்கிற ஸ்டாப் ஆர்டரை நீக்கிவிட்டு, "எடுத்தாச்சு" என்பாள். பிறகு திரை மேல் ஒரு மடிப்புக் கலையாத வெள்ளைத் துணியைப் போடுவார்கள், ஷிப்ட் முடிந்து மெஷினை மூடுகிற மாதிரி. போனை மேசை இழுப்பறையில் வைத்துவிடுவார். மறுநாள் காலை வரைக்கும் துணியைத் தூக்கக்கூடாது, போனைத் தொடக்கூடாது. வாசல் அறையில் உட்கார்ந்து நான் இந்தக் கேள்வியையும் பதிலையும் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். பூசாரியும் பக்தையும் மாதிரி என்று கேலி செய்திருக்கிறேன்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்" என்றாள் இஸ்திரிக்காரி, வாசல் அறையிலிருந்தே. "நாளைக்குக் காலையில பணத்தைத் திருப்பிக் கேட்டு புரோக்கர் கம்பெனிக்கு எழுதிப் போடணும். இப்ப போய் எதுக்கு?"

"சிக்னல் வந்தா எடுக்கணும்."

"வராத மாதிரி இருந்துக்கக்கூடாதா?"

"இன்னிக்கு வேண்டாம்னு நான் விட்டா அது பயம். நாளைக்கு வேணும்னு தோணினா அது ஆசை. ரெண்டும் உள்ள வந்துச்சுன்னா அப்புறம் நானும் சூதாடிதான். ஒரு வருஷமா உன் தம்பி காசு பத்திரமா இருக்குன்னா, நான் ஆளைப் பாத்து நாளைப் பாத்து எடுக்காததுனாலதான்."

அவள் பெட்டியை விரிப்பின் மேல் வைத்து அழுத்தியதில் மட்டும் கொஞ்சம் பதில் இருந்தது. எனக்கும் அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தப்பில்லாத பேச்சைக் கேட்டால்தான் எனக்கு எப்போதும் பயம்.

நான் டீயை முடிப்பதற்குள் சிக்னல் வந்துவிட்டது. அவர் வாங்கினார், கீழே ஸ்டாப்பைப் போட்டார். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இன்னிக்கு இவ்வளவு லாட் வாங்கியிருக்கீங்க?" என்று பதறினாள்.

"ஸ்டாப் ஒட்டி இருக்கு. பக்கத்துல இருந்தா லாட் கூடும், தூரத்துல இருந்தா குறையும். போனா போற காசு எப்பவும் அதேதான்." கணக்கைப் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் மடித்ததை எடுக்க மறுபடி போனேன். அவர் இல்லை. தம்பி ஊரிலிருந்து வருகிற பஸ் முன்னாலேயே வந்துவிடும் போலிருக்கிறது என்று பஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். அவள் இரண்டு அறைக்கும் நடுவே நின்று, ஒரு கண் துணியிலும் ஒரு கண் திரையிலுமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் வியர்வை ஓடியது. போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள், கை ஈரமாக இருந்தது.

"நான் நெனச்ச விலைக்கு வந்துடுச்சு. வித்துடு" என்றார் அவர். பின்னால் பஸ் ஹாரனும் கூவல்களும்.

"முழுசுமா?"

"முழுசும். பதறாம செய்."

அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்காராமலே குனிந்து அழுத்தினாள். திரையில் ஏதோ மினுங்கியது. "வித்தாச்சுங்க!" என்றாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நல்லது. அப்புறம்..." என்று அவர் ஆரம்பித்தார். உடனே குரல் மாறியது. "ஏய், பஸ் வந்துடுச்சு! மச்சான்! இந்தப் பக்கம் வா! ஒத்தைக் குச்சியோட இறங்கறான் பாரு! மச்சான், இரு, இரு, நான் வரேன்!"

"ஒத்தைக் குச்சியா?" என்றாள் இவள். "ரெண்டு இல்லையா? தானா இறங்கறானா?"

லைன் அறுந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "அக்கா, தம்பி ஒத்தைக் குச்சியோட வரானாம்!" என்று சொல்லிக்கொண்டே வெள்ளைத் துணியை உதறித் திரையின் மேல் போட்டாள். மூலைகளை இழுத்துச் சமப்படுத்தினாள். எனக்கு என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. தெருவில் வழக்கமாகக் குரைக்கிற நாய் ஒரு நாள் குரைக்காவிட்டால் தோன்றுமே, அந்த மாதிரி. என்னவென்று யோசிப்பதற்குள் அவள் மீன் வாங்கிவரச் சொல்லி என்னைத் துரத்திவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். என்னையும் விடவில்லை. வாசல் அறை மேசையில் துணிகளை ஒதுக்கிவிட்டு அதன் மேலேயே சாப்பாட்டை வைத்தாள். வறுத்த மீன், பருப்பு, சோறு. டிரைவர் தம்பி நன்றாக இளைத்திருந்தான், ஆனால் வாய் இளைக்கவில்லை. குச்சியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி நாலு எட்டு நடந்து காட்டினான். அக்காகாரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமைக்கு அப்புறம் இந்தச் சுவரும் வேண்டாங்க்கா. மூணு மாசத்துல கிளட்ச் மிதிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. முதலாளிகிட்ட சொல்லிட்டேன், என் வண்டியை வேற எவன்கிட்டயும் குடுக்காதேன்னு."

"லோடைப் பாத்துக் கட்டுடா இனிமே" என்றார் லேத்துக்காரர். "ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாக்கணும்."

"நீங்க எனக்கு வாத்தியாரா இருந்திருந்தா காலே போயிருக்காது மாமா."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மீனின் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினார்.

அப்போதுதான் உள்ளறையில் அந்தச் சத்தம் கேட்டது. இழுப்பறைக்குள், அவர் வந்ததும் வைத்த போன் அதிர்ந்தது. கத்தரிக்கோலும் சில்லறையும் கிடக்கிற இழுப்பறை அது. எல்லாம் சேர்ந்து கடகடவென்று நடுங்கின. நின்றது. மறுபடி ஆரம்பித்தது.

"போனுங்க" என்றாள் அவள், எழப்போனாள்.

"உக்காரு. கம்பெனிக்காரப் பசங்க. காப்பர் ஏறுது சார், இன்னொரு தடவை வாங்குங்க சார்னு உசுப்பேத்துவானுங்க. இன்னிக்குக் கடை மூடியாச்சு."

"ஏதாவது அவசரமா இருக்கப்போகுது மாமா, எடுங்களேன்."

"எனக்கு அவசரமா கூப்பிட வேண்டியவங்க எல்லாரும் இங்கதானே இருக்கீங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக் கூடத்து டி.வி.யில் பார்த்ததைச் சொன்னேன். "எங்கேயோ ஒரு சுரங்கம் சரிஞ்சுடுச்சாம். ஆளுங்க உள்ளே மாட்டிக்கிட்டாங்களாம். பாவம், இன்னும் எடுக்க முடியலையாம்."

"என்ன சுரங்கம்?" என்று கேட்டார்.

"செம்பு."

அவர் கை சோற்றில் ஒரு கணம் நின்றது. பிறகு பிசைய ஆரம்பித்தார்.

"ஐயையோ, அப்ப விலை எங்கேயோ போயிருக்குமே" என்றாள் இஸ்திரிக்காரி. "நான் அவசரப்பட்டு வித்துட்டேனே!"

"நீ சரியாத்தான் வித்தே. வித்தது வித்ததுதான். இப்ப அது வானத்துக்கு ஏறினா நமக்கு என்ன? நம்ம கையில சரக்கு இல்லை. ஏறலையேன்னு ஏங்கறவனும் ஏறிடுச்சேன்னு அழறவனும்தான் இதுல அழிவான்." மைத்துனன் பக்கம் திரும்பினார். "நல்லாச் சாப்பிடு மச்சான். இன்னொரு மீன் வெச்சுக்கோ."

இழுப்பறை மறுபடி நடுங்கியது. வெளியே ஒரு சொட்டு மழை இல்லை, ஆனால் தூரத்தில் இடி உருட்டிக்கொண்டே இருந்தது. நான் மீனைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் புழுக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். நான் கிளம்பும்போதும் அது அதிர்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று, பிறகு விடாமல். அவர் உள்ளே போய் இழுப்பறையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்துச் சத்தத்தை அடக்கிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். தம்பி குளித்துத் தலை வாரி, பணத்துக்கு எழுதிப்போட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டுப் பதியத் தயாராக நின்றிருந்தான். கையில் எக்ஸ்ரே உறை. லேத்துக்காரர் வழக்கமான நேரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைத் துணியை எடுத்து நாலாக மடித்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார்.

நான் வாசலிலிருந்து பார்த்தபோது அவர் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையவே இல்லை. தம்பி சுவரைப் பிடித்தபடியே போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றான், "என்ன மாமா, நெட் வரலையா?" என்றான்.

அவர் குரலை உயர்த்தாமல், தினமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"சாவி?"

இஸ்திரிக்காரி வாசல் அறையில் விரிப்பின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவள் வாய் திறந்தது. 'எடு' என்று உதடு கூடிவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. கையிலிருந்த பாட்டில் சாய்ந்து தண்ணீர் துணியில் பரவியது. அப்போதுதான் எனக்கும் நேற்று என்ன குறைந்தது என்று விளங்கியது. அந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

"நேத்து சாயங்காலம் கொஞ்ச நேரம் இறங்கியிருக்கு" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போலச் சொன்னார். "நம்ம ஸ்டாப்பைத் தொட்டிருக்கு. தொட்ட உடனே வித்திருக்கு. நம்மகிட்ட இல்லாததை, முழு லாட்டையும். அப்புறம்தான் சுரங்கச் செய்தி வந்திருக்கு. ஏறியிருக்கு... ஒரேயடியா. கம்பெனிக்காரன் கூப்பிட்டிருக்கான், கூப்பிட்டிருக்கான்... நான் எடுக்கலை. பணம் தீர்ந்ததும் வித்ததை அவனே திருப்பி வாங்கிக் கணக்கை முடிச்சுட்டான்."

"என்ன மாமா சொல்றீங்க? எந்தப் பணம் தீர்ந்துச்சு?"

அவர் திரும்பினார். ஒரு ராத்திரியில் ஆள் கிழவராகிவிட்டார் என்று சொல்வார்களே, அதற்கு ஒரு ராத்திரிகூடத் தேவையில்லை.

"உன் பணம்டா."

"நான்தான் எடுக்கலை" என்றாள் இஸ்திரிக்காரி. ஓடிவந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் வித்தேன். நான்தான் மறந்தேன். நீ வந்துட்டேன்னு கேட்டதும் எனக்கு வேற ஒண்ணுமே ஓடலைடா தம்பி..."

"அவ மறக்கலை. நான் கேக்கலை" என்றார் அவர். "கேக்க வேண்டியவன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேக்கலை. கேட்டிருந்தா அவ எடுத்திருப்பா. ராத்திரி போனையாவது எடுத்திருக்கலாம். இவன் எடுங்கன்னு சொன்னான். நான்..." மடங்காத விரல்களால் மேசையைத் தட்டினார். மர உத்தரத்தில் ஆணி தட்டுவது போலச் சத்தம் வந்தது.

"யாரு விட்டா என்னங்க" என்றாள் அவள். "பக்கத்துல நின்னவன் மேலதானே பட்டிருக்கு."

தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கதவுக்குப் பின்னால் ஒளித்த குச்சி அவனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"துணியக்கா, டாக்டர்கிட்ட தேதியைத் தள்ளிக் கேட்டுப் பாக்கலாமா? ஒரு ஆறு மாசம்?"

"கேக்கறேன் தம்பி" என்றேன். தேதியைத் தள்ளலாம், எலும்பைத் தள்ளமுடியாது என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் தலையாட்டினான், எக்ஸ்ரே உறையை மேசையில் வைத்தான்.

வெளியே என் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். ஆஸ்பத்திரியில் காலையில் வார்டில் விரிப்பு மாற்றுகிற நேரம், கட்டில்கள் வெறுமனே கிடக்கும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் மடித்த விரிப்புகளைக் கட்ட ஆரம்பித்தேன். இஸ்திரிக்காரியும் வந்து எதிரே குந்தி முடிச்சுக்கு இழுத்துப் பிடித்தாள். கயிற்றை முடிந்தபின் எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்த ஒரு விரிப்பை எடுத்துவந்தாள். ஓட்டை இல்லாதது, ஓரம் பிரியாதது, நேற்று இரண்டு முறை தேய்த்து வைத்தது.

"இதையும் சேத்துக்குங்கக்கா" என்றாள். "யாருக்காவது ஆகும்."